செல்வி பேர் போட்ட குப்பி

நீங்களே வச்சுக்கோங்கக்கா, பஸ்ஸ விட்டு எறங்கும்போது கொண்டுபோயிருங்க. பால்கோவா அரைக்கிலோ அப்பிடியே இருக்கு, இன்னும் பிரிக்கல. எனக்கு எறங்காது. கூட ஆராய்ச்சி பண்ற பாண்டிசெல்வி இன்னைக்கு லேப்ல எல்லாருக்கும் குடுத்தா. எனக்கு மட்டும் தனிப் பொட்டலம். அதான் கூடுதலா எரியுது.

கல்யாணமெல்லாம் இல்லக்கா. அவ செஞ்ச மருந்து வேல செஞ்சிருச்சாம். நீங்க பேண்டேஜ் கம்பெனின்னீகல்ல, ரத்தத்த நிறுத்தத் துணி போடுறீக. நாங்க நேரெதிர். ரத்தத்துல திராம்பின்னு ஒரு நொதி இருக்கு, அதுதான் ரத்தத்த உறைய வைக்குது. காயத்துக்கு நல்லது. நெஞ்சுக்குள்ள உறைஞ்சா ஆளு காலி. அந்த நொதியோட வாய அடைக்கணும். அதுக்கு அமினோ அமிலத்த ஒண்ணொண்ணாக் கோத்து பெப்டைடுன்னு ஒண்ணு செய்யுறோம். அவ ஒண்ணு செஞ்சா, நான் ஒண்ணு செஞ்சேன். ரெண்டும் வெள்ளத் தூளு, ஒரே மாதிரி குப்பி.

மூணு வருசம்க்கா. ஞாயித்துக்கெழமகூட லேப்லதான் கெடந்தேன். அவ அஞ்சு மணி ஆனா பஸ் ஏறிருவா. ஆனா எங்க கைடு மேடம் வாயத் தொறந்தா செல்விதான். கம்ப்யூட்டர்லயும் அவளோடதுதான் நல்லா அடைக்கும்னு காட்டுச்சு. பொறாமதான், இல்லங்கல. அவ சிரிச்சாலே எனக்கு வயிறு எரியும்.

திங்கக்கெழம மேடம் முன்னால சோதன. ரெண்டு குழாய்ல பிளாஸ்மா, அதுல ஆளுக்கொரு மருந்து, பொறவு அந்த நொதி. என் பேர் போட்டது இருவது செகண்டுல உறைஞ்சிருச்சு. அவ பேர் போட்டத மேடம் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்காக, கால் மணி நேரமாத் தண்ணியா ஓடுது. மேடம் கை தட்டுனாக. செல்வி என்னயக் கட்டிப்பிடிச்சு அழுதா. நானும் சிரிச்சேன், என்ன செய்ய.

அடுத்த மாசம் மெட்ராஸ்ல ஒரு கருத்தரங்குல போயி இதப் பேசப் போறா. அதுக்கு முன்ன இன்னொரு தடவ புதுசாச் செஞ்சு காட்டணும்னு மேடம் சொல்லிட்டாக. செய்வா, பாவம். அவ மருந்தப் போட்டா ரத்தம் உறைஞ்சுதான் போகும்.

எனக்கெப்பிடித் தெரியும்னா கேக்கீக?

சோதனைக்கு முந்தி ஃப்ரிட்ஜத் தொறந்து ரெண்டு குப்பி ஸ்டிக்கரயும் மாத்தி ஒட்டினது நாந்தான்க்கா. அவ தோக்கட்டும்னு ஒட்டினேன். தண்ணியா ஓடுனது என் மருந்து. அது என்னோடதுன்னு சொல்லணும்னா ஸ்டிக்கரயும் சொல்லணும்.

பஞ்சு மார்க்கெட் ஸ்டாப் வந்துருச்சு, பாத்து எறங்குங்க. அந்தப் பொட்டலத்த விட்டுட்டுப் போயிறாதீக.