கோட்டை வாசலில் கூட்டம்

இப்போதைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் உட்காரவே முடியாது சார், கவனித்திருக்கிறீர்களா? ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஆடிய பழைய ஆன்லைன் விளையாட்டில் ஒரு சண்டை முடிந்தால், தெம்பு திரும்பும்வரை எல்லோரும் கோட்டை வாசலில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? டைப் அடித்தே ஊர்க்கதை பேசுவோம். வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்பில் முக்கால்வாசி அங்கே சிரித்ததுதான்.

அதில் நான் வைத்தியன். அடிபட்டவர்களைக் குணமாக்குவது என் வேலை. அதனால் எனக்கு 'டாக்டர்' என்று பெயர். நிஜத்தில் கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறேன். அங்கே என்னை யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேடயம் தூக்கி முன்னால் நிற்பவர் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். வில் எய்கிற அக்கா வேறு ஊரில் டீச்சர். இன்னும் ஒரு பட்டாளமே இருந்தது. பிறகு கல்யாணம், குழந்தை, புரமோஷன் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கம்பெனியும் விளையாட்டை இழுத்து மூடிவிட்டது.

போன வருஷம் யாரோ புண்ணியவான்கள் அதை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். நான் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். வரேன் வரேன் என்றார்களே தவிர, ஒருவரும் வரவில்லை. கோட்டை வாசலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது சார், மறைப்பானேன்.

அப்போதுதான் அண்ணன் வேலையிடத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தவர், பொழுது போகாமல் விளையாட்டுக்குள் வந்தார். அவர் வந்ததும் அக்காவும் வந்தார். அடடா, என்ன அரட்டை, என்ன கேலி. "கால் உடைஞ்சதே நல்லதாப் போச்சுடா டாக்டர்" என்று அண்ணனே சொன்னார். இதை எழுதிக்கொள்ளுங்கள் சார்.

கட்டைப் பிரித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு.

"நாளையிலேருந்து வேலைக்குப் போறேன்டா. இனிமே ஆட்டமெல்லாம் கஷ்டம்."

"அப்போ எப்பண்ணே வருவீங்க?"

"இன்னொரு காலும் உடைஞ்சா வரேன், போ."

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அண்ணன் சொன்ன சொல் தவறாதவர்.

சாப்பிட்டதும் அவர் மொட்டைமாடிக்குக் காய்ந்த துணி எடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். படியில் இறங்கும்போது அவர் இரண்டு கையிலும் துணி. பின்னால் வந்த நான் அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். பலமாக இல்லை. நான் நினைத்தது காலை மட்டும்தான். கழுத்து என் கணக்கிலேயே வரவில்லை. மனுஷனுக்கு ஒழுங்காக விழத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் பார்த்துக்கொண்டதுபோல் கூடப் பிறந்தவன்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டான். அண்ணியைக் கேளுங்கள், சொல்வார். தொண்டையில் குழாய் இருப்பதால் அண்ணனால் பேச முடியாது. கை, கால் எதுவும் அசையாது, வலது ஆள்காட்டி விரலைத் தவிர. கேடயக்காரருக்கு அது தாராளம் சார். நர்ஸ் அனுமதித்த அன்றே என் லேப்டாப்பைக் கொண்டுபோய், நானே அவர் விரலடியில் கீபோர்டை வைத்தேன். அக்கா கோட்டை வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். வெகுநேரம் ஆனது. நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில், "என்னைத் தள்ளினது டாக்டர்தான்" என்று இருக்கிறது.

"என்னண்ணே சொல்றீங்க? விளையாடாதீங்க" என்று அக்கா டைப் அடித்தார். அண்ணன் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார்.

கீபோர்டை நான் எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை சார், ஏனென்றால் அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா யார் யாருக்கோ போன் போட்டிருக்க வேண்டும். மந்திரவாதி வந்தான், திருடன் வந்தான், நான் மறந்தே போயிருந்த இரட்டைக் கோடரிக்காரன்கூட வந்தான். கோட்டை வாசலில் நிற்க இடமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதுவும் என்னைப் பற்றியே. "டாக்டர், எங்கடா இருக்கே, பதில் சொல்லு" என்று வரிக்கு வரி என் பெயர். உங்கள் ஆட்கள் வந்து தோளில் கை வைக்கும்வரை படித்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்தில் பதில் போடவே மறந்துவிட்டது.

அந்த லேப்டாப்பை ஐந்து நிமிஷம் கொடுங்கள் சார். பாவம், எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.