முதலில் அந்த வண்டி போகட்டும்

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் போதகர் சுவாமிதாஸ் ஐயா அவர்களே, எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் பரமசிவன் ஐயா அவர்களே, கணவர் கனகதாஸைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராஜபாய் டீச்சர் அவர்களே, வெள்ளறடையிலிருந்தும் அம்பூரியிலிருந்தும் மழையைப் பாராமல் வந்து இந்தக் காரக்கோணம் மண்டபத்தை நிறைத்திருக்கும் சொந்தங்களே! பிரேமகுமாரியின் வணக்கம். லிஃப்ட்டுகளை இயக்கும் மின்னணுப் பலகைகளைச் செய்கிறது எங்கள் நிறுவனம். அந்தப் பலகைகளுக்கு மூளை எழுதியவர் தலைமைப் பொறியாளர் கனகதாஸ். அவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அந்த வேலையில் அவர் என்னை அதிகம் ஜெயிக்க விட்டதில்லை!

அடக்கம் முடிந்த அன்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “குமாரி, ஆஸ்பத்திரியில வச்சு உங்கிட்ட வண்டிக்காரன், வண்டிக்காரன்னு சொன்னாரே, அது ஆராக்கும்?” மருத்துவர்கள் அதைப் பிதற்றல் என்றார்கள். பிதற்றலா? கனகதாஸ் பிதற்றுகிற மனிதரா? டீச்சர், அது யாரென்று இன்று சபையறியச் சொல்கிறேன்.

லிஃப்ட்டுக்கு மூளை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். மாடி எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, மூடுகிற கதவில் ஒரு குழந்தையின் கை பட்டால்? எண் காட்டுவதை அப்படியே போட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். இப்படிக் கையிலிருக்கும் வேலையை நிறுத்தவைக்கும் அழைப்பைத்தான் இன்டரப்ட் என்கிறோம். எது எதை நிறுத்தலாம், எது காத்திருக்க வேண்டும் என்று வரிசை வகுப்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர், லிஃப்ட்டில் பாட்டு நடுவில் நிற்கிறதே என்று குறைபட்டார். கனகதாஸ் சொன்னார்: “எலே, உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டு மணியடிக்கான். உனக்குப் பாட்டாக்கும் பெரிசு?”

எதையும் உள்ளே இருந்து பார்க்கிறவர் அவர். போன மாதம் எங்கள் சோதனை லிஃப்ட்டுக்குள் தானே ஏறி, மறுபடி மறுபடி மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். மின்சாரம் போனால் பேட்டரியில் அருகிலுள்ள மாடிக்கு வந்து கதவு திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் திறந்தது. ஒரே ஒரு முறை திறக்கவில்லை! இரண்டு மாடிக்கு நடுவே, இருட்டில், அசையாமல் நின்றுவிட்டது. நாங்கள் சாவியோடு ஓடினோம். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: “ஆரும் தொடாதீங்கோ! அப்படியே கிடக்கட்டு. இப்பம்தான் பிடி கிடைச்சிருக்கு.” வியர்வையில் நனைந்து வெளியே வந்தவர் ஒன்றுதான் சொன்னார்: “குமாரி, எங்கம்மைக்க பஸ்ஸு இப்படித்தான் நின்னுது.”

அது என்ன பஸ்? எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். இந்த மண் தமிழ்ப் பக்கம் சேருமா, மலையாளப் பக்கம் சேருமா என்று தெரியாமல் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கொந்தளித்த காலம். நிறைமாதமாக இருந்த அவருடைய தாய் தங்கபாய், வலி எடுத்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகிறார். வழியில் ஒரு குறுகிய பாலம். பஸ்ஸுக்கு முன்னால் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய ஒரு மாட்டுவண்டி. ஒதுங்க இடமில்லை. வண்டி நகர்ந்தால்தான் பஸ் நகரும். ஆனால் வண்டி நகரப்போகும் போதெல்லாம் எதிரே ஒரு போலீஸ் ஜீப் வரும். ஜீப்பா பெரிது, மரச்சீனியா பெரிது? நில் என்று வண்டிக்குக் கைகாட்டுவார் பாலத்தில் நின்ற காவலர். ஒரு ஜீப் போனால் இன்னொன்று. மரச்சீனிக்குப் பின்னால் ஒரு உயிர் துடிப்பது ஜீப்பில் வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

“எனக்கு வழி தாருங்கோ” என்று அந்தத் தாய் கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவருக்கு வழிவிட அங்கே யாராலும் முடியாது! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் கத்தினார்: “எனக்கு வழி வேண்டாம்! மொதல்ல அந்த வண்டி போகட்டு! எனக்க உயிரு அந்த வண்டிக்குப் பின்னாலயாக்கும் நிக்குது!” காவலர் திரும்பிப் பார்த்தார். ஜீப்புகளை நிறுத்தினார். வண்டி பாலம் கடந்தது, பஸ் கடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கனகதாஸ் பிறந்தார்.

சொந்தங்களே, எங்கள் லிஃப்ட்டிலும் அதேதான் நடந்தது! ஆளை மீட்கும் வேலைக்குத்தான் முதல் உரிமை. ஆனால் லிஃப்ட் எங்கே நிற்கிறது என்ற குறிப்பு ஒரு பூட்டுக்குள் இருக்கிறது; பூட்டு எந்த வேலையிடம் இருக்கிறதோ அதுதான் குறிப்பைத் தொடலாம், மற்றவை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் அந்தப் பூட்டு, குறிப்பு எழுதும் ஒரு சின்ன வேலையிடம் இருந்தது. அது எழுதி முடித்துப் பூட்டை விட வேண்டும். விடவிடாமல், மின்சாரம் போனது என்று கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்பும் நடுத்தர உரிமையுள்ள வேலைகள் ஜீப் ஜீப்பாக வந்து குறுக்கே விழுந்தன. வழி என்ன? மீட்பு வேலையின் அவசரத்தை அந்தச் சின்ன வேலைக்குக் கொஞ்ச நேரம் இரவல் கொடுக்க வேண்டும். அந்த மாற்றத்தை எழுதத் தொடங்கிய வாரத்தில்தான் நெஞ்சுவலி அவரைப் படுக்கையில் தள்ளியது.

படுக்கையில் என்னிடம் அவர் சொன்னது இதுதான், டீச்சர்: “வண்டிக்காரன் இன்னும் அங்கதான் நிக்கான் பிள்ளே. ஒப்பு போடாத.”

பரமசிவன் ஐயா, உங்களுக்குத் தெரியும். மலைப்பக்கம் கட்டும் புது ஆஸ்பத்திரிக்கு நாளை இந்தப் பலகைகள் போக வேண்டும். அவர் சொன்ன அந்த ஒப்பு, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு முறை நின்றது, ஏதோ வயர் தளர்ந்திருக்கும் என்கிறார்கள். தேதி தவறினால் நிறுவனம் தாங்காது என்கிறீர்கள். பொய்யில்லை. இந்த மண்டபத்தில் பாதிப்பேருடைய அடுப்பு நம் நிறுவனத்தை நம்பித்தான் எரிகிறது, என் அடுப்பும்தான். கையெழுத்துப் போட்டாலும் பழி, போடாவிட்டாலும் பழி. மூன்று நாளாக நானும் இரண்டு மாடிக்கு நடுவே இருட்டில்தான் நிற்கிறேன்!

ஐயா, நிறுவனத்தில் என் சொல்லுக்கு எடை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கப்போகிறவர் என் பின்னால் நிற்கிறார். அவருடைய அவசரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, கனகதாஸின் படத்துக்கு முன்னால் சொல்கிறேன்: நாளை நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவர் பாதியில் விட்ட மாற்றத்தை எழுதி முடிப்பேன். அந்தச் சோதனை லிஃப்ட்டுக்குள் நானே ஏறுவேன். முதலில் அந்த வண்டி போகட்டும்!

ராஜபாய் டீச்சர், வண்டி பாலம் கடந்த அன்று உங்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன். அதற்குப் பிறகு நாம் இருவரும் உட்கார்ந்து அழுவோம்.