துண்டால் துவட்டிய குஞ்சுகள்

ஈரத்தோடு எடை போட்டால் கணக்கு சரியாக வராது, ஐயா. எந்த மளிகைக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

அதனால்தான் மீன்குஞ்சுகளைத் துண்டால் துவட்டுவேன். நீர்த்தேக்கத்தில் என் வேலை, விரல் நீளம் வளரும்வரை அவற்றை வலைக்கூண்டில் வைத்துக் காப்பது. தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, துவட்டி, நீளம் பார்த்து, தராசில் வைத்துத் திரும்ப விடுவேன். மாதம் ஒருமுறை பத்துக் குஞ்சைப் பார்த்தால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பிள்ளை வளர்ப்பவன் மாதம் ஒருமுறையா முகம் பார்ப்பான்? மெத்தென்ற பூத்துண்டு அது. எனக்குக்கூட என் மனைவி அதைத் தரமாட்டாள்.

ஆனாலும் செத்துக்கொண்டே இருந்தன. தொள்ளாயிரத்தில் ஒரே மாதத்தில் ஐந்நூறு போயிற்று. உட்கார்ந்து அழுதேன்; சொல்ல வெட்கமில்லை.

பிறகு நிதானமாக ஆராய்ந்தேன். தண்ணீரின் சூடு சரி. மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்கவும் இல்லை. வலைக்கண் வழியே வரும் இயற்கைத் தீனி தாராளம். விரால் புகவில்லை, நீர்க்காகமும் புகவில்லை. கடைசியில் கூண்டருகே போகிறவர்கள் இரண்டே பேர் மிஞ்சினோம்: நானும், படகு ஓட்டும் என் மச்சினனும். எனக்கு அவை உயிர். ஆக, மீதி யார்?

அவன் கெட்டவன் அல்ல. வாய்தான் நீளம்.

"மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாலே சிரிப்பாங்க மாமா. நீங்க தலை துவட்டி விடறீங்க. மேல இருக்கற வழுவழுப்பு போனா அது எப்படிப் பொழைக்கும்? ஒரு வாரம் சும்மா விட்டுப் பாருங்களேன்."

சும்மா விடுவதாம். இவனெல்லாம் ஒரு மனிதனா என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை, அளப்பதற்காக எடுத்து வைத்திருந்த வாளியை அவன் அப்படியே கூண்டுக்குள் கவிழ்த்துவிட்டான். நாற்பது குஞ்சு. ஒன்றைக்கூட அளந்திருக்கவில்லை. துண்டையும் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான். "போதும் மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பக் குனிந்தான். நான் துடுப்பால் அவன் பின்மண்டையில் ஒருமுறை அடித்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. அதில் எனக்கு நிம்மதி. தண்ணீரில் விழுந்தவனை, மூச்சு நின்ற பிறகு இழுத்துப் படகில் போட்டேன். துண்டு இல்லாததால் என் சட்டையால் துவட்டினேன். அந்தத் தராசு ஒரு கிலோவுக்கு மேல் காட்டாது. அதனால் நீளத்தை மட்டும் நோட்டில் குறித்தேன்: ஐந்தடி நான்கு அங்குலம்.

"அவன் உங்களை நம்பித்தானேங்க வந்தான்?" என்று இங்கே என்னைப் பார்க்க வந்தபோது என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. தொள்ளாயிரம் பேர் என்னை நம்பி இருந்தார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கூண்டுப் பக்கம் யாரும் போகவில்லை, அதன்பின் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை, எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன என்று சற்றுமுன் நீங்களேதான் சொன்னீர்கள். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மச்சினனைக் கொன்றது நான்தான், ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குஞ்சுகளைக் கொன்றவன் யார் என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்குமே.