பூண்டுக்குப் பல், ஆரஞ்சுக்கு?

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே, மறைந்த அம்மையாரின் அன்புக் கணவரே, மருத்துவமனைத் தோழர்களே, பேச வந்திருப்பவர்களே, பேச வாய் வராமல் உட்கார்ந்திருப்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நான் மெதுவாகத்தான் பேசுவேன். நடுவில் நின்றாலும் நிற்பேன். யாரும் பதற வேண்டாம். வார்த்தை வந்து சேர்ந்துவிடும்.

நம் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர், நாம் எல்லோரும் ஜோடியம்மா என்று அழைத்தவர், போன ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பால் காலமானார். இவ்வளவு நீளமான வாக்கியத்தை நான் தட்டாமல் தடுமாறாமல் சொல்லி முடித்தேனே, இதைச் சொல்ல வைத்தவர் யார்? அவரேதான்!

சில ஆண்டுகளுக்கு முன் நான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு விடாமல் விலை கூறுவேன். ஒரு காலையில் தக்காளிக் கூடையைக் காட்டி "ஜன்னல்" என்றேன். கூட்டம் சிரித்தது. மறுபடியும் "ஜன்னல்" என்றேன். என் வலது கை தொங்கிப்போன பிறகுதான் சிரிப்பு நின்றது.

மூளையில் ரத்த அடைப்பு. உயிர் பிழைத்தது, பேச்சு பிழைக்கவில்லை. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தால் "கதவு" என்று வந்தது. "கதவுன்னே கூப்பிடுங்க, எனக்கென்ன, வரேன்ல" என்று சிரித்துக்கொண்டே வருவாள். அடுக்களைக்குள் போய் அழுவாள்.

கோப்பை, மரம், பூனை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினார்கள். எல்லாம் தெரிந்தது, ஒன்றுக்கும் பெயர் வரவில்லை. "இனிமே பெரிய முன்னேற்றம் இருக்காதும்மா, வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று ஒருவர் சொன்னார். யார் தெரியுமா? இதோ, நம் தலைமை மருத்துவர் ஐயாதான்! சிரிக்கிறார், ஒப்புக்கொள்கிறார். அதற்கு அம்மையார் சொன்ன பதில் என் காதில் விழுந்தது.

"வார்த்தை எங்கயும் போகல சார். தனியா கூப்பிட்டா வர மாட்டேங்குது. துணைக்கு இன்னொண்ண அனுப்பிப் பாக்கறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

மறுநாள் அவர் எங்கள் சந்தைக்குப் போயிருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்களைப் பிடித்து, "உங்க ஏலக்காரர் வாய்ல எந்தெந்த வார்த்தை அதிகமா வரும்?" என்று விசாரித்திருக்கிறார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, வாழைக்குத் தார். கீரைக்கு?"

என் வாய் தானாகத் திறந்தது. "கட்டு."

"பூண்டுக்குப் பல். ஆரஞ்சுக்கு?"

"சுளை!"

அத்தனை நாள் ஊமையாகக் கிடந்தவன், "சுளை! சுளை!" என்று கத்திக்கொண்டே காலைத் தாங்கித் தாங்கி வராந்தாவுக்கு ஓடினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நர்சம்மா நினைத்தார்!

சொற்களுக்குள்தான் எத்தனை விதமான உறவுகள்! முழுமைக்கும் பகுதிக்கும் ஓர் உறவு. ஆளுக்கும் அவர் கருவிக்கும் ஓர் உறவு. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒன்று. ஒரே பொருள் சொல்லும் இரண்டு சொற்களுக்குள் ஒன்று. எதிரும் புதிருமாக நிற்பவற்றுக்குள்ளும் ஒன்று. எந்த உறவின் கையைப் பிடித்தால் யாருக்குச் சொல் வரும் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார் ஜோடியம்மா. எனக்கு எதிர்ச்சொல் மட்டும் சுத்தமாக வரவில்லை. 'வேணும்' என்று நினைத்து "வேணாம்" என்பேன். அதனால் எத்தனை முறை அரை வயிற்றோடு எழுந்திருப்பேன்! "எதிர்ச்சொல் இப்போதைக்கு வம்புண்ணே, கடைசியா பாத்துக்கலாம்" என்று தள்ளி வைத்தார்.

ஒருநாள் கேட்டார். "தையல்காரருக்கு ஊசி. ஏலக்காரருக்கு?" ஏலத்துக்கு அடிக்கும் மணி என்று சொல்வேன் என எதிர்பார்த்தார். "நாக்கு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் பதறவில்லை. "சரியான பதில்தாண்ணே. ரிப்பேருக்கு வந்திருக்கு. ரெடியானதும் எடுத்துட்டுப் போங்க."

இன்னொரு நாள், "வண்டிக்கு பிரேக். குதிரைக்கு?" "கடிவாளம்" என்றேன். விளையாட்டாக என்னையே காட்டி, "இவருக்கு?" என்றார். யோசிக்கவே இல்லை. "பொண்டாட்டி!" வாசலில் நின்றிருந்த என் மனைவி அழுததையும் சிரித்ததையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலம் விடும் வேகம் எனக்குத் திரும்பவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்? காலையில் சந்தையில் எடை பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் அம்மையாரின் அறையில் உதவியாளனாக இருந்தேன். பயிற்சிக்கு வந்த ஒரு தையல்கார அம்மாவிடம் வாழைத்தாரைப் பற்றிக் கேட்டுவிட்டு அம்மையாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது உங்க ஜோடிண்ணே. அவங்களோடது நூல்ல இருக்கும், காஜால இருக்கும். அங்க போய்த் தேடுங்க."

அன்பர்களே, அவருக்கு நான் சொல்ல வேண்டியது... சொல்ல வேண்டியது... பொறுங்கள், நழுவிவிட்டது. தப்பு செய்தால் மன்னிப்பு. உதவி பெற்றால்... நன்றி! நன்றி, அம்மா!

திங்கட்கிழமை ஒரு பேருந்து நடத்துநர் தன் மகளோடு பயிற்சிக்கு வந்தார். செய்தி அவர்களுக்குத் தெரியாது. நான் அறையைத் திறந்தேன். "டிரைவருக்கு ஸ்டியரிங். கண்டக்டருக்கு?" என்றேன். என்னைப் பார்த்தார். விசில், டிக்கெட், பை, எதுவும் வரவில்லை. மதியம் முழுக்க முயன்றோம். ஒரு சொல்கூட வரவில்லை.

தோற்றுவிட்டேனா? இல்லை! சரியான ஜோடியை நான் இன்னும் தேடிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக் காலை அவருடைய பேருந்து நிலையத்துக்குப் போகிறேன். அவரோடு ஓடிய ஓட்டுநர்களைக் கேட்கப் போகிறேன். தையல்கார அம்மாவும் வருகிறேன் என்கிறார். அந்த அறை இனியும் திறந்திருக்கும் என்று அம்மையாரின் படத்தின் முன்னிலையில் உறுதி கூறுகிறோம். நடத்துநர் ஐயா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஐயா, மதியம் வந்துவிடுங்கள். நாங்கள் காத்திருப்போம்.