குதிரைத்தலைக்கு இன்னும் பதினொரு ஃப்ரேம்

எனக்கு டியூப்லைட் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, மேடம். முடிந்தால் தலைக்கு மேலே இருப்பதை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதுவதற்கு ஜன்னல் வெளிச்சம் போதும்.

என் பெயர் துளசிராமன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே உலை வெளிச்சத்தில் வானம் அழுக்கு ஆரஞ்சாக இருக்கும். பத்து நட்சத்திரம் தெரிந்தால் பெரிய விஷயம். அதனால் மாதாமாதம் அமாவாசைக்கு நான், கூட வேலை செய்யும் பென்னி, ஜெயராஜ் மூவரும் என் காரில் ஊத்துக்கோட்டை தாண்டி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குப் போய் நட்சத்திரங்களைப் படம் எடுப்போம். தை அமாவாசைக்கு ஊரே திருவள்ளூர்க் குளத்தில் தர்ப்பணம் கொடுக்கப் போகிறது, உங்களுக்கு மட்டும் குவாரி கேட்கிறதா என்று என் மனைவி திட்டினாள். அவள் திட்டுவது வழக்கம்தான்.

ஜெயராஜை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் அப்பா எங்கள் நிலத்தில் நடவு, அறுப்பு எல்லாம் பார்த்தவர். அவன் எங்கள் கம்பெனியில் கிரேன் ஓட்டினான். அந்த வித்தியாசமெல்லாம் நான் பார்ப்பதில்லை. முன்சீட்டிலேயே உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். சொன்னால் சொன்னபடி கேட்பான். பென்னி அப்படியில்லை, எதற்கெடுத்தாலும் ஏன் என்பான்.

எங்களுக்கு இருந்தது ஒரே சட்டம். வெள்ளை வெளிச்சம் கூடாது. இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரு செல்போன் மின்னினால் அத்தனையும் பாழ், ஓடிக்கொண்டிருக்கும் படமும் பாழ். அதனால் இறங்கியதும் எல்லார் போனையும் வாங்கிக் காரில் வைத்துப் பூட்டிவிடுவேன். டார்ச் என்னிடம் மட்டும். தண்ணீர் தேங்கிக் கிடக்கும் குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு சிவப்பு விளக்கு வைப்பேன். "செவப்பு லைட்டு இருக்கிற பக்கம் போவாதீங்க, மத்தபடி எங்க வோணா போங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். பாதுகாப்பில் நான் குறை வைத்ததில்லை.

அந்தத் தை அமாவாசை இரவு நான் எடுத்தது குதிரைத்தலை நெபுலா. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டைக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு மேகத்துக்கு முன்னால் கறுப்பாகக் குதிரைத் தலை மாதிரி நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தைந்து நிமிஷமாக முப்பது ஃப்ரேம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தால்தான் முழு உருவம் வரும். மூன்று வருஷமாகப் பனியும் மேகமும் கெடுத்துக்கொண்டே இருந்தன. அன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

விளிம்பு விளக்கை நான்தான் அணைத்தேன். அதன் சிவப்பு வெளிச்சம் லென்ஸ் ஓரத்தில் ஏறியது. நான் எடுப்பதும் சிவப்பு மேகம். இருவரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால், பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த பென்னி ஏன் என்று கேட்டு எழுந்து வருவான். நடந்தால் கேமரா ஸ்டாண்ட் அதிரும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து ஜெயராஜ் ஒன்றுக்குப் போக எழுந்தான். "இந்தப் பக்கம் போலாமாண்ணா? லைட்டு எதுவும் தெரில" என்றான். அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கிரீனில் அப்போதுதான் குதிரையின் கழுத்து வர ஆரம்பித்திருந்தது. போ என்றேன்.

கல் உருளும் சத்தம் கேட்டது. "இன்னாண்ணா சத்தம்?" என்று பென்னி கேட்டான். "கல்லு உருண்டுது, நீ வேலையப் பாரு" என்றேன். பொய்யில்லை. கல்லும் உருண்டது.

ஜெயராஜ் உடனே தண்ணீரில் விழவில்லை. விளிம்புக்குக் கீழே ஒரு திட்டில் கிடந்தான். "அண்ணா, டார்ச் அடிங்கண்ணா. காலு போச்சு. எதப் புட்ச்சிக்கினு கீறேன்னே தெரில" என்றான். கத்தவில்லை, மெல்லத்தான் சொன்னான். எங்கள் ஒழுங்கு அந்த அளவுக்கு அவனுக்குள் இறங்கியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. "இன்னும் பதினொரு ஃப்ரேம்தான்டா, ஆடாம இரு" என்றேன். "சரிண்ணா" என்றான். அது முக்கியம், மேடம். அவன் சரி என்றான்.

பதினொரு ஃப்ரேம் என்றால் ஐம்பத்தைந்து நிமிஷம். நடுவில் மூன்று முறை, பாறைக்கு அந்தப் பக்கம் எட்டாத குரலில், கூப்பிட்டான். ஒரு முறை சுகிர்தா என்றான். அது அவன் மனைவி. ஏழாவது ஃப்ரேமின்போது தண்ணீரில் ஏதோ விழுந்தது. அப்புறம் அவன் கூப்பிடவில்லை. மறுநாள் தீயணைப்புக்காரர்கள் அங்கேதான் அவனை எடுத்தார்கள்.

ஒரு ஃப்ரேம் கெட்டால் அதை மட்டும் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடுக்கலாமே என்று பென்னி உங்களிடம் சொல்லியிருப்பான். எடுக்கலாம்தான். ஆனால் சட்டம் போட்டவனே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை, பென்னிக்கும் அது தோன்றவில்லை. படங்கள் முடிந்ததும் லென்ஸுக்கு மூடி போட்டு, அதே ஐந்து நிமிஷக் கணக்கில் வெறும் கறுப்புப் படங்கள் சில எடுக்க வேண்டும். கேமரா தானாக உண்டாக்கும் புள்ளிகளைக் கழிப்பதற்கு. அன்றைக்கு எட்டு எடுத்தேன், நாற்பது நிமிஷம். மூடி போட்டிருக்கும்போது டார்ச் அடித்தால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். டார்ச் என் மடியில்தான் இருந்தது. அப்போதும் நான் அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பழக்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.