நடுவுல இருக்கிற பேரு

இல்ல தம்பி, பாஸ்போர்ட் சைஸ் இல்ல. என்னைப் படம் எடுக்கவே வேண்டாம். அந்த லைட்ட அணைங்க, கண்ணு கூசுது. ஒரு பழைய போட்டோ கொண்டாந்திருக்கேன், அதுல கொஞ்சம் வேலை. சாயங்காலத்துக்குள்ள விருது விழா ஆபீஸ்ல குடுத்தாகணும், இன்னைக்குத்தான் கடைசி நாளாம். சொல்றேன் இருங்க. அந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க, முட்டி இப்பல்லாம் என் பேச்சக் கேக்கறதில்ல.

எங்கேயோ பாத்த மாதிரி இருக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, எங்கேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. முப்பத்தெட்டு வருஷமா மராத்திப் படத்துல கான்ஸ்டபிளா இருக்கேன். நெஜ போலீஸ்ல சேந்திருந்தா இத்தனை வருஷத்துல ஏட்டாவாவது ஆக்கியிருப்பாங்க. வசனம் ஒண்ணுதான். ஐயா, ஜீப் வந்துடுச்சு. ஜீப் இல்லாத படத்துல எனக்கு வேலையே கெடையாது.

பேரு கமலாகர் நார்வேக்கர். தெரியாதா, பரவால்ல. ஆனா போன வருஷம் அரசாங்க சினிமா விருது விழாவுல, மும்பை வொர்லியில, மந்திரியிலேர்ந்து ஹீரோ வரைக்கும் எனக்காக எந்திரிச்சு நின்னாங்க. சிரிக்காதீங்க, நெஜமாத்தான்.

விருது குடுக்கறதுக்கு முன்னாடி, அந்த வருஷம் போய்ச் சேந்த கலைஞருங்க படத்தத் திரையில ஒண்ணொண்ணாக் காட்டுவாங்கல்ல. எல்லாரும் எந்திரிச்சு தலையக் குனிஞ்சு நிக்கணும். நான் அஞ்சாவது வரிசை. எனக்கெல்லாம் எதுக்கு அழைப்பு வந்துச்சுன்னு கேக்குறீங்க, நியாயந்தான், அதுக்கு வரேன். இஸ்திரி போட்ட குர்தா, மீசைக்குக் கொஞ்சம் மை. நாலாவதா ஒரு மூஞ்சி வந்துச்சு. தொப்பி, மீசை, கீழ எழுத்துல, மறைந்த கலைஞர் கமலாகர் நார்வேக்கர்னு. திரை கொள்ளாம என் மூஞ்சி. எந்த டைரக்டரும் எனக்கு க்ளோசப் வச்சதில்ல தம்பி, செத்துப் போனாத்தான் வைப்பாங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

என்ன பண்ணேனா? நின்னேன். அத்தனை பேரு மௌனமா நிக்கும்போது நான் உசுரோட இருக்கேன்னு கத்தவா முடியும்? எனக்கு நானே அஞ்சலி செலுத்தினேன். பக்கத்துல ஒரு வயசான தபலாக்காரரு, ரொம்ப நல்ல மனுஷன்னு என் காதுல சொல்லிட்டு கண்ணத் தொடச்சுகிட்டாரு. நானும் ஆமாங்கன்னேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருந்துச்சு. வெக்கங்கெட்ட ஜென்மம்.

மறுநாள் காலையிலேர்ந்து போனு. ஒருத்தன் என்கிட்டயே, எப்ப எடுக்குறாங்கன்னு கேட்டான். இன்னும் எடுக்கல, டீ குடிச்சுகிட்டு இருக்கேன்னேன். போனை வச்சுட்டான். பயந்துட்டான் போல.

விருதா? வீட்டுல ஒண்ணு இருக்கு. எனக்கில்ல, என் வீட்டுக்காரி வத்சலாவுக்கு. சிறந்த துணை நடிகை, அரசாங்க விருது. முப்பது வயசுலயே தலைக்கு நரை முடி வச்சு மாமியாரா நடிக்க ஆரம்பிச்சவ. ஒரு படத்துல எனக்கே அம்மாவா வந்து கன்னத்துல அறைஞ்சா, டைரக்டர் வேணாம்னு சொல்லியும் மூணு டேக் கேட்டு வாங்கினா. விருது குடுத்த அன்னைக்கு அவளுக்கு சாங்லி ஊர்ல நாடகம், டிக்கெட் வித்தாச்சு, விட்டுட்டு வர மாட்டேன்னுட்டா. அவளுக்குப் பதிலா நான் மேடை ஏறினேன். கோட்டு இரவல். மறுநாள் பேப்பர்ல சால்வையும் தேங்காயும் விருதுமா நான் நிக்கிற படம். கண்ணாடி போட்டு மாட்டி வச்சேன். வீட்டுக்கு வர்றவங்க பாத்துட்டு என் கையப் புடிச்சுக் குலுக்குவாங்க. நான் குலுக்க விட்டுடுவேன். அவ போஹா, அதான் அவல் உப்புமா, தட்டோட வந்து, ஆமாங்க, ரொம்ப உருக்கமா நடிச்சிருந்தாருன்னு மூஞ்சிய மாத்தாம சொல்லிட்டுப் போவா. அதுக்கே அவளுக்கு இன்னொரு விருது குடுத்திருக்கணும்.

திரையில என் படம் வந்தது ஆபீஸ்காரங்க தப்பா? சேச்சே, அவங்களச் சொல்லாதீங்க. ஃபாரம் நிரப்பினது நான்தான். மூணு கட்டம். மொதல்ல சொந்தப் பேரு, நடுவுல அப்பா பேரு இல்லன்னா புருஷன் பேரு, கடைசியில குடும்பப் பேரு. உங்களுக்குத் தெரியாததா. வத்சலா கமலாகர் நார்வேக்கர்னு எழுதணும். அம்பது வருஷப் பழக்கம், பேனாவ எடுத்ததும் மொத கட்டத்துல கமலாகர்னு எழுதிட்டேன். கொட்டை எழுத்துல. அப்புறம் பாத்துட்டு, மேல இருந்த இடத்துல வத்சலான்னு பொடியா இடுக்கி வச்சேன். அது யாரு கண்ணுக்குத் தெரியும்? கூட அனுப்பின போட்டோவுல ரெண்டு பேரு, முன்னால நிக்கிறவன் ஆம்பளை, பேரும் ஆம்பளை பேரு. அவங்க என்னை மட்டும் பெருசாக்கிட்டாங்க.

ஆமா தம்பி. அந்த நாலாவது படம் அவளோடதா இருந்திருக்கணும். போன வருஷம் ஜனவரியில போயிட்டா. மூணே நாள் காய்ச்சல். குடும்பத்துல ஒருத்தர் வரணும்னு அழைப்பு அனுப்பியிருந்தாங்க, நான் போனேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லல. ரெண்டு நாள் ஆளாளுக்கு என்னைப் பத்தி நல்லதாப் பேசினாங்க, கேட்டுகிட்டே இருந்தேன். மூணாம் நாள் நானே போஹா கிண்டினேன், உப்பு போட மறந்துட்டேன். வத்சலா, உப்பு எங்கன்னு கூப்பிட்டேன். அப்புறந்தான் உறைச்சுது, அவ மேடைய வாங்கினேன், இப்ப அவ சாவையும் வாங்கிட்டேன்னு. நேரா ஆபீஸுக்குப் போயி நடந்த தப்ப எழுதிக் குடுத்தேன். நல்லவங்க, அடுத்த விழாவுல சேத்துடறோம், அவங்க படம் மட்டும் கொண்டாங்கன்னாங்க.

இதான் அது. ஒரு நாள் ஷூட்டிங்குக்கு எனக்கு டப்பாவுல சாப்பாடு எடுத்துகிட்டு வந்தப்ப, ஸ்டில் எடுக்கறவரு ஒண்ணு எடுத்தாரு. வேஷம் இல்லாம, நரை முடி இல்லாம, அவ மூஞ்சி அவ மூஞ்சியா இருக்கிறது இது ஒண்ணுதான். ஆல்பத்த மூணு தடவ புரட்டிட்டேன். எல்லாத்துலயும் நான் முன்னால வந்து நிக்கிறேன், தொப்பிய வச்சுகிட்டு. இதுலயும் பாருங்க, என் தோளு அவ கன்னத்துல பாதிய மறைக்குது. அத எடுத்துட்டு கன்னத்த வரைய முடியுமா உங்க கம்ப்யூட்டர்ல? அந்தப் பக்கம் இருக்கிற மாதிரியேதான், சிரிச்சா விழுற குழி மட்டும் இந்தப் பக்கம் கெடையாது. குழி வேணாம், இல்லாதத வைக்காதீங்க.

என்னை முழுசா எடுத்துடுங்க. தொப்பி, மீசை, எல்லாம்.

கீழ பேரா? வத்சலா நார்வேக்கர். நடுவுல என் பேரு வேண்டாம். வாழ்ந்த காலம் பூரா என் பேரச் சொல்லி அவ என்னைக் கூப்பிட்டதே இல்ல தம்பி, ஏங்கன்னுதான். ஆனா எந்தக் காகிதத்தப் பாத்தாலும் அவ பேருக்கு நடுவுல நான் உக்காந்துகிட்டு இருந்தேன்.

நீங்க செய்யுங்க, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு, நான் இங்கயே இருக்கேன். விழா அன்னைக்கு மக்கர் பண்ணாதேன்னு முட்டிக்குத்தான் இப்பவே சொல்லி வச்சிருக்கேன். இந்தத் தடவையாச்சும் யாருக்காக எந்திரிச்சு நிக்கிறேன்னு தெரிஞ்சு நிக்கணும்ல.