தங்கையன் (1987)

இல்ல சார், காப்பி வேணாம். காப்பி உள்ள போச்சுன்னா நான் இன்னும் ஜாஸ்தியா பேசுவேன், கஷ்டம் உங்களுக்குத்தான். எம்பேரு ஐயாவுங்க. கும்பகோணம் தாண்டி, குத்தாலத்துக்குக் கெழக்க நம்ம ஊரு. உங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணுதே மலர்க்கொடி, அதுக்கு நான் மாமனாரு. அது அனுப்பி வரலீங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். தெரிஞ்சா வீட்டுல சோறு கெடைக்காது.

அதாங்க, அந்த அத்தியாயந்தான். கடைமடையில தண்ணி வர்றது சனங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு எழுதியிருக்கே, அது. கைக்கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு மதகு மதகா அலைஞ்சு, வாய்க்கா பாக்குற லஸ்கரையெல்லாம் கேட்டு எழுதுச்சு. மேல ஊர்க்காரன் தண்ணி வர்றத செல்போன்ல புடிச்சு வாட்ஸப்புல போடுறான், அதப் பாத்துட்டு நாங்க நாத்து விடுறோம்னு எழுதியிருக்கு. உள்ளது அதானே? நீங்க செவப்பு மையில குறுக்க ஒரு இழுப்பு இழுத்து, தங்கையன் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எம்பத்தேழு இல்லாம இந்த அத்தியாயம் நிக்காதுன்னு திருப்பிட்டீங்க. மறுபடி கொண்டாந்துச்சு, மறுபடி திருப்பிட்டீங்க. மாசக் கடைசிக்குள்ள உங்க கையெழுத்து விழலேன்னா பதிவே ரத்தாமே. அந்தப் பொண்ணு தங்கையன் புஸ்தகத்தத் தேடாத லைப்ரரி இல்ல. எங்கயும் இல்லியாம்.

நீங்களும் பாத்ததில்லியா? பின்ன எப்படி சார் பக்க நம்பரு போட்டிருக்கீங்க?

சரி விடுங்க. எனக்கு இந்த வழக்கமே புரியலீங்க. நெல்லு தண்ணியில வெளையுதுன்னு எழுதினாக்கூட, யாரு சொன்னா, எந்த வருஷம் சொன்னான்னு பிராக்கெட்ல போடணுமாம். சேத்துல நின்னு கண்ணால பாத்தேன்னா செல்லாது. ஏசி ரூம்ல ஒருத்தன் பாக்காம எழுதியிருந்தா, அது செல்லும். நல்லாருக்கு சார். எங்க ஊர்ல மாப்ள பாக்கப் போறப்பக்கூட மாப்ளைய ஒரு தடவ பாக்கத்தான் செய்வோம்.

உங்க புஸ்தகமா? படிச்சேனே. மத்தியானத்துல படிச்சேன், நல்ல தூக்கம். ஆனா தங்கையன் வர்ற எடத்துல எந்திரிச்சு உக்காந்துட்டேன். மேட்டூரத் தொறந்தா அன்னிக்கே முக்கொம்புத் தவள கத்தும், அதக் கேட்டுக் கல்லணைத் தவள, அதக் கேட்டு கும்பகோணத்துத் தவள, அப்படியே கடைமடை வரைக்கும் சேதி வந்துரும். தவளைவழித் தொடர்பு முறைன்னு பேரு வேற வெச்சிருக்கீங்க. கும்பகோணத்துத் தவள வெத்தல போட்டுத் தொண்டை கட்டிக்கிட்டா சேதி ஒருநாள் லேட்டாகும்னு அடிக்குறிப்பு. அந்த வெத்தல இருக்கு பாருங்க, அது நான் சேத்தது.

நாந்தான் சார். எம்பத்தேழுல ஒரு ஆராய்ச்சிக்காரத் தம்பி டேப்ரெக்கார்டரத் தூக்கிக்கிட்டு எங்க வாய்க்காக் கரைக்கு வந்துச்சு. பெரிய பழமையா ஏதாச்சும் சொல்லுங்கன்னு உசிர வாங்குச்சு. சரின்னு தவளைய அவுத்து விட்டேன். யாரு சொல்லி உங்களுக்குத் தெரியும்னு கேட்டுச்சு. நானே சொன்னேன்னா ஒத்துக்க மாட்டேங்குது, ஆதாரம் வேணுமாம். பக்கத்துல தங்கையன் நின்னாப்ல. இவரு சொன்னதுதான்னேன். தங்கையனும் தலைய ஆட்டினாப்ல. எது கேட்டாலும் தலைய ஆட்டுற சுபாவம் அவருக்கு.

அந்தத் தம்பி யோக்கியமா, தங்கையன், நேர்ல சொன்னதுன்னு எழுதிக்கிட்டுப் போச்சு. அதப் பாத்து எழுதின அடுத்த ஆளு, நேர்ல சொன்னத விட்டுட்டு வருஷத்த மட்டும் போட்டாரு. அவரப் பாத்து எழுதினவரு, வெறும் வருஷம் நல்லால்லேன்னு பக்கம் நாப்பத்திமூணுன்னாரு. நீங்க வந்தீங்க, அறிஞர் தங்கையன்னு பட்டமே கட்டிட்டீங்க. ஒருத்தராச்சும் ஒரு பஸ் புடிச்சு வந்து எட்டிப் பாத்தீங்களா? வந்திருந்தா தவளையும் கேட்டிருக்கலாம், எங்க வீட்டுல மீன் கொழம்பும் சாப்ட்டிருக்கலாம்.

கோவப்படாதீங்க, வெளியில புள்ளைங்க உக்காந்திருக்கு, காதுல விழும். கதவ வேணா சாத்திரட்டுமா?

முன்னுரையில இன்னும் ஒண்ணு படிச்சேன். தங்கையன் ஐயாவோட வாழ்நாள் கடைசியில பல மாலைப் பொழுதுகள் உரையாடுற பேறு கெடைச்சுதுன்னு எழுதியிருக்கீங்களே. எனக்கே ஆச்சரியம். என்ன பேசினாப்ல? எங்ககிட்ட அவ்வளவு பேச்சே கெடையாது.

ஆழமான மனுஷரா? ஆமாமா. சேத்துல எறங்கினா முழங்கா வரைக்கும் ஆழந்தான். உழைப்பாளி, சுத்த சைவம், ஒருத்தரையும் மொறைச்சதில்ல. அவரு போனன்னிக்கு எங்கப்பா சாப்பிடல.

மலர்க்கொடி எம்மேல கோவமா இருக்கு சார். நான் உண்மையச் சொன்னதும், இத எழுத்துல குடுங்க மாமா, அடிக்குறிப்புல உங்க பேரப் போட்டு உடைச்சிர்றேன்னுச்சு. நாந்தான் வேணாம்னேன். படிச்ச பெரியவரு, இத்தன வருஷம் மேடையில மாலை வாங்கினவரு, பாவம், சொன்னாக் கேட்டுக்குவாருன்னேன். கேட்டுக்குவீங்கதானே?

அப்பறம், அறிஞரோட படம் ஒண்ணுகூடக் கெடைக்கலேன்னு வருத்தப்பட்டிருந்தீங்க. ஒண்ணு கொண்டாந்தேன், அடுத்த பதிப்புக்கு ஆகும். மாட்டுப் பொங்கலன்னிக்கு எடுத்தது. கொம்புல பச்சை பெயிண்ட் கொஞ்சம் மங்கிப் போச்சு, ஆனா மொகம் தெளிவாத் தெரியும். வண்டியில எடப்பக்கம் பூட்டினா வேற மாடு கிட்ட நிக்க முடியாது. கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது நான்.

கையெழுத்து இந்தப் பக்கத்துல சார்.